விழா எடுப்போர்க்குக் கல்வெட்டுகள் கூறும் நெறி

விழா எடுத்தலைத் தொழிலாகக் கொண்டோர் இன்று நகரந்தோறும் பெருகியுள்ளனர். முற்காலத்தில் ஊர்ப் பெரியோரும் உறவினரும் கூடிச் செய்த பணிகளைப் பந்தல் முதல் பந்தி வரை ஒரு நிறுவனமே ஏற்று நடத்துகிறது. இத்தொழிலில் ஈடுபடும் இளைஞர்கள் பலர் கணினியில் தேர்ந்தவர்கள், விரைந்து செயற்படுபவர்கள். ஆயினும் ஒரு விழாவைச் சிறப்புற நடத்துவது ஒன்று. அவ்விழா ஆண்டுதோறும் குறைவின்றி நடைபெற வழிசெய்வது மற்றொன்று. இரண்டாவதே அரிது. அதற்குரிய பயிற்சியை நம் காப்பியங்களிலும் கல்வெட்டுகளிலும் பெறலாம். விழா எடுக்கும் அறநிலையங்களின் பொறுப்பாளர்களுக்கும், அவர்களுக்காக உழைக்கும் விழா அமைப்பாளர்களுக்கும் பயன்படும் என்னும் எண்ணத்தால் சில செய்திகளை இங்குத் தொகுத்துரைக்கிறேன்.

புகார் நகரத்து முரசு

தமிழில் விழா ஏற்பாட்டை விரித்துரைக்கும் பழைய நூற்பகுதிகளுள் தலையாயது மணிமேகலையின் முதற்காதையாகிய விழாவறை காதை. காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திரவிழா தொடங்க இருக்கிறது. அதற்கு முன் ஓர் அவை கூடுகிறது. சமயக் கணக்கர், காலம் கணிப்போர், நகரில் வாழும் பிறமொழியாளர், ஐம்பெருங்குழுவினர், எண்பேராயத்தினர் ஆகியோர் அவ்வவையில் ஒருங்கிருந்து, விழாவைத் தொடங்குதல் வேண்டும் என முடிவு செய்கின்றனர். அதன் பின்னரே வச்சிரக் கோட்டத்து முரசம் யானையின் பிடரியில் ஏற்றப்படுகிறது; முரசறைவோன் நகர மக்களுக்குச் செய்தி அறிவிக்கிறான்.

அவன் அறிவிப்பில் உள்ள ஒழுங்கைக் கருதுக. முதலில் நகரை வாழ்த்துகிறான். மழையையும் செங்கோலையும் வாழ்த்துகிறான். அடுத்துப் பணிகளை ஒவ்வொன்றாகச் சொல்கிறான். தோரணம் கட்டுதல், நிறைகுடம் வைத்தல், பொற்பாலிகையும் பாவை விளக்கும் அமைத்தல், கமுகும் வாழையும் கரும்பும் நடுதல் ஆகியவை அலங்காரப் பணிகள். வீதிகளிலும் மன்றங்களிலும் பழைய மணலை மாற்றிப் புதுமணல் பரப்புதல் துப்புரவுப் பணி. மனைகளிலும் வாயில்களிலும் கொடி ஏற்றுதல் அடையாளப் பணி. அறவுரை கூறுவோர் பந்தல்களிலும் அம்பலங்களிலும் அமரவேண்டும். சமயவாதிகள் பட்டிமண்டபம் ஏறி வாதிடவேண்டும். இவை நிகழ்ச்சி நிரல். இறுதியாக ஓர் எச்சரிக்கையும் உண்டு. பகைவரோடு எதிர்ப்பட்டாலும் சினமும் பூசலும் கொள்ளாமல் விலகிச் செல்லுமாறு அவன் மக்களை வேண்டுகிறான். விழா நடைபெறும் நாள்களின் எண்ணிக்கையையும் கூறுகிறான்: 28 நாள்.

ஒரு விழா அறிவிப்பில் இருக்கவேண்டியவை அனைத்தும் இதில் உள்ளன. எந்த இடத்தில் எதைச் செய்தல் வேண்டும், யார் எங்கே இருத்தல் வேண்டும், எத்தனை நாள், கூட்டத்தில் எவ்வாறு நடந்துகொள்ளுதல் வேண்டும் என்பன தெளிவாகச் சொல்லப்படுகின்றன. சமயங்கள் தம்முள் வாதிடும் ஒரு நகரில், வாதத்துக்குத் தனியிடம் ஒதுக்கிவிட்டு வீதியில் பூசலைத் தவிர்க்கச் சொன்னது ஆழ்ந்த பட்டறிவு. கருத்து வேறுபாடுடையோர் கூடும் எந்த நிகழ்ச்சிக்கும் இது இன்றும் பொருந்தும்.

மறதியின் விலை

இத்துணை ஒழுங்காகத் திட்டமிடப்பட்ட விழாவே பின்னர் நின்றுபோகிறது. சோழன் நெடுமுடிக்கிள்ளிக்கும் பீலிவளைக்கும் பிறந்த மகன், கலம் கவிழ்ந்ததால் கடலில் காணாமற்போகிறான். மகனைத் தேடித் துயருற்ற மன்னன் அவ்வாண்டு இந்திரவிழாவை மறந்துவிடுகிறான். விழா மறக்கப்பட்டதால் தெய்வத்தின் சாபத்துக்கு உள்ளாகிப் புகார் நகரம் கடலில் மூழ்கியது என்பது காப்பியம் கூறும் செய்தி.

இதனை நிலவியல் வரலாறாகக் கொள்ளவேண்டியதில்லை. கதையாகக் கொண்டாலும் அதன் உட்பொருள் சிந்திக்கத்தக்கது. அம்மன்னன் தீயவனல்லன், அசட்டை செய்தவனுமல்லன், மகனை இழந்து தவித்த தந்தை. அவன் மறந்ததில் வியப்பில்லை. அவை இருந்தது; காலம் கணிப்போர் இருந்தனர்; முரசும் இருந்தது. ஆனால் விழாவைத் தொடங்குக என்று நினைவூட்டும் கடமை எவருக்கும் உரியதாக வகுக்கப்பட்டிருந்ததாகத் தெரியவில்லை. ஒருவர் மனம் கலங்கியபோது நகரத்தின் நினைவே கலங்கிப்போயிற்று.

நம் ஊர்களில் இன்றும் இந்நிலையைக் காண்கிறோம். முப்பது ஆண்டுகள் ஒருவரே செயலாளராக இருந்து விழாவை நடத்துவார். தேர் இழுக்கும் வடம் எங்கே உள்ளது, பல்லக்குச் சுமப்போர் எவ்வூரினர், எந்த வீட்டிலிருந்து எந்த ஆண்டு எவ்வளவு நன்கொடை வந்தது என்பன அவர் நெஞ்சில் இருக்கும். அவர் நோயுற்றாலோ மறைந்தாலோ அடுத்த ஆண்டு விழா தட்டுத் தடுமாறும். அவரைக் குறை கூறுதல் தகாது. அவர் நினைவை ஏட்டில் ஏற்றாமல் விட்ட நம் அனைவருக்கும் அக்குறையில் பங்குண்டு.

சுவரே ஏடாகிய தஞ்சை

இக்குறைக்கு மருந்து கண்ட அரசன் முதலாம் இராசராசன். தஞ்சைப் பெருவுடையார் கோயிலில் அவன் தன் 26ஆம் ஆட்சியாண்டின் 20ஆம் நாளில் பிறப்பித்த ஆணை பொறிக்கப்பட்டுள்ளது. தான் கொடுத்தவையும், தன் தமக்கை கொடுத்தவையும், தன் தேவியர் கொடுத்தவையும், பிறர் கொடுத்தவையும் கல்லிலே வெட்டப்படவேண்டும் என்பது அவ்வாணை. இதன்படி கொடைகள், பணியாளர், அளவுகள், கடமைகள் ஆகியவை கோயிற் சுவர்களில் எழுதப்பட்டன. எவர் மறந்தாலும் சுவர் மறவாது.

அக்கல்வெட்டுகளுள் ஒன்று தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேரைப் பற்றியது. அவர்கள் பிற ஊர்க் கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொண்டுவரப்பட்டோர். ஒவ்வொருவர்க்கும் பெயர், அவர் முன்பிருந்த ஊரும் கோயிலும், தஞ்சையில் அவருக்குக் குறிக்கப்பட்ட தெரு, அத்தெருவின் எந்தச் சிறகு, அதில் எத்தனையாவது வீடு என்பன வரிசையாக எழுதப்பட்டுள்ளன. ஒருவர்க்கு ஒரு பங்கு. ஒரு பங்காவது ஆண்டுக்கு 100 கலம் நெல். அந்நெல்லை ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளத்தல் வேண்டும். ஊர்விட்டு ஊர்வந்த அப்பெண்டிரின் விருப்பம் கேட்கப்பட்டதா என்பதைக் கல்வெட்டு சொல்லவில்லை. அதனை நாம் மறந்துவிடலாகாது. எனினும் ஆடுவோர் ஒவ்வொருவரும் பெயரோடு கல்லில் நிற்கின்றனர் என்பதும் கருதத்தக்கதே.

அவர்களைத் தொடர்ந்து நட்டுவனார், பாடுவோர், இசைக்கருவியாளர், குடை பிடிப்போர், விளக்கிடுவோர், நீர் தெளிப்போர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர், தச்சர், கன்னார், கணக்கர் என நீளும் பட்டியல் உள்ளது. மேடையில் தோன்றுவோரை மட்டும் எழுதி, மேடைக்குப் பின்னுள்ளோரை விட்டுவிடும் வழக்கம் அக்கல்வெட்டில் இல்லை. நீர் தெளிப்பவன் வாராவிட்டால் ஆடுபவள் புழுதியில் ஆடவேண்டியிருக்கும் என்பதை எழுதியவர் அறிந்திருந்தார்.

இப்பட்டியலோடு இணைந்த ஒரு விதி, விழா அமைப்பாளர் ஒவ்வொருவரும் மனத்திற் கொள்ளவேண்டியது. பங்கு பெற்ற ஒருவர் இறந்தாலோ வெளியூர் சென்றுவிட்டாலோ அவருடைய நெருங்கிய உறவினர் அப்பங்கைப் பெற்று அப்பணியைச் செய்யவேண்டும். உறவினர் அப்பணிக்குத் தகுதியற்றவராயின் தகுதியுடைய வேறொருவரை அவர் அமர்த்தவேண்டும். நெருங்கிய உறவினரே இல்லையெனில் அப்பணியிலுள்ள ஏனையோர் கூடித் தகுதியுடையவரைத் தேர்ந்தெடுக்கவேண்டும். மூன்று படிகள், மூன்றிலும் வழி அடைபடவில்லை. புகாரில் ஒரு மன்னன் துயருற்றபோது அவனுக்கு மாற்றாள் இல்லை. தஞ்சையில் விளக்கிடுபவனுக்கும் மாற்றாள் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருந்தான்.

வாழைப்பழக் கணக்கு

கோயிலில் பிள்ளையார் கணபதியாருக்கு நாள்தோறும் 150 வாழைப்பழம் படைத்தல் வேண்டும் என்பது இராசராசன் செய்த ஏற்பாடு. ஆண்டுக்கு 360 நாள் எனக் கொண்டால் 54,000 பழம். ஒரு காசுக்கு 1,200 பழம் என விலை குறித்தால் ஆண்டுச் செலவு 45 காசு. ஒரு காசுக்கு ஆண்டொன்றுக்கு அரைக்கால் காசு, அதாவது எட்டிலொரு பங்கு, வட்டி. எனவே 45 காசு வட்டி வர 360 காசு முதல் வேண்டும். அம்முதல் தஞ்சைக் கடைத்தெரு வணிகர்களிடம் பகிர்ந்து வைக்கப்பட்டது. அவர்கள் வட்டிக்கு ஈடாகப் பழம் வழங்கக் கடமைப்பட்டனர்.

இதில் கணக்கு ஓடும் திசையைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். கையில் எவ்வளவு பணம் உள்ளது என்று பார்த்து, அதற்குள் எவ்வளவு பழம் வாங்கலாம் என்று அவர்கள் எண்ணவில்லை. எவ்வளவு பழம் தேவை என்பதிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் சென்று முதலைக் கண்டனர். முதலை ஒரே வணிகரிடம் கொடுக்காமல் பலரிடம் பிரித்து வைத்ததும் முன்னறிவே. ஒரு கடை சாத்தப்பட்டாலும் படையல் முழுதும் நிற்காது.

நந்தா விளக்குக்கும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. ஒரு விளக்குக்கு 96 ஆடு. அவற்றைப் பெற்ற இடையர் நாளொன்றுக்கு உழக்கு நெய் அளக்கவேண்டும். ஆடு பெற்றவர் பெயரோடு, அவர் தவறினால் பொறுப்பேற்கும் உறவினர் பெயர்களும் எழுதப்பட்டன. சாவா மூவாப் பேராடு என்னும் கல்வெட்டு வழக்கு அழகானது. ஆடுகள் சாகாமலும் மூப்படையாமலும் இரா. குட்டிகளால் எண்ணிக்கையை நிரப்பி, மந்தை குறையாமல் வைத்திருப்பது பெற்றவர் கடமை என்பதே அதன் கருத்து.

பின்னர் இரண்டாம் இராசேந்திரன் காலத்தில், வைகாசிப் பெருவிழாவில் இராசராசேசுவர நாடகம் ஆடுவதற்குச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் ஒதுக்கப்பட்டதையும் இக்கோயிற் கல்வெட்டால் அறிகிறோம். எந்த நாடகம், எந்த விழா, யார் ஆடுவது, எவ்வளவு ஊதியம் என்பன எல்லாம் அதில் உள்ளன. கலைஞரை அழைத்துவிட்டு, நிகழ்ச்சி முடிந்தபின் மேடைக்குப் பின்னால் ஊதியம் பேசும் இழிநிலை அங்கில்லை.

இவை அரசன் கோயிலுக்கு இயலும்; சிறியோர்க்கு இயலுமோ என்னும் ஐயம் எழலாம். போளூரை அடுத்த திருமலையில், குந்தவை பெயரால் வழங்கும் ஜினாலயத்துக்கு இராசேந்திர சோழன் காலத்தில் சாமுண்டப்பை என்னும் வணிகர் மனைவி நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்ததை அங்குள்ள கல்வெட்டு கூறுகிறது. தனியொரு பெண்மணியின் கொடையும் அதே முறையில், எதற்காக என்னும் குறிப்போடு எழுதப்பட்டது. அளவில் சிறிதாயினும் முறையில் அது தஞ்சைக்குக் குறைந்ததன்று.

கணக்குக் காட்டாதார்

விழாவின் இறுதிப் பணி கணக்கு. இதற்கு உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் வழிகாட்டும். பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளைச் சார்ந்த, 919, 921 ஆகிய ஆண்டுகளுக்குரிய அக்கல்வெட்டுகள் அப்பிரமதேய ஊரின் வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் நெறியை விரிக்கின்றன. 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல், சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல், கடந்த மூன்றாண்டுகளில் வாரியம் செய்யாதிருத்தல் போன்ற தகுதிகள் சொல்லப்படுகின்றன. வாரியப் பொறுப்பு 360 நாள் மட்டுமே.

விலக்கப்பட்டோர் வரிசையில், முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதாரும் அவர் உறவினரும் இடம்பெறுகின்றனர். கணக்கு எழுதுவோர்க்கும் தனி விதி உண்டு. தாம் எழுதிய கணக்கைத் தாமே காட்டி, நேர்மையானது என்று ஏற்கப்பட்ட பின்னரே அவர் மீண்டும் கணக்கெழுதலாம். ஒருவர் கணக்கை முடிக்க மற்றொருவர் புகுதல் கூடாது. உறவினரையும் விலக்கியது இன்று கடுமையாகத் தோன்றலாம். ஆனால் பொதுப்பணம் கையாண்டவர் கணக்குக் காட்டாமல் மறுமுறை பொறுப்பேற்கலாகாது என்னும் அடிப்படை எக்காலத்துக்கும் உரியது.

உயிர்க்காவல்

இதுவரை கூறியவற்றில் தவறினால் குறைபடுவது விழா. ஒன்றில் தவறினால் குறைபடுவது உயிர். 1997 ஜூன் 7 அன்று, குடமுழுக்கையொட்டித் தஞ்சைப் பெரிய கோயிலில் அமைக்கப்பட்டிருந்த பந்தலில் தீப்பற்றி நாற்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். விளக்கிடுபவனையும் நீர் தெளிப்பவனையும் பெயர் சொல்லி எழுதிய சுவர்களுக்கு அருகிலேயே அது நிகழ்ந்தது. 1992 பிப்ரவரி 18 அன்று கும்பகோணத்து மகாமகத்தில் ஏற்பட்ட நெரிசலிலும் ஏறத்தாழ ஐம்பதின்மர் உயிர் நீத்தனர்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் விழாவில், ஒரு முறை பணியாற்றிய அலுவலர் அடுத்த முறை அங்கிருப்பது அரிது. எனவே பட்டறிவு மனிதரிடம் தங்காது, எழுத்தில்தான் தங்கும். 2016ஆம் ஆண்டு மகாமகத்தில் பிப்ரவரி 13 முதல் 22 வரை பத்து நாளும் நீராடலாம் என்று மக்களுக்கு அறிவுறுத்திக் கூட்டத்தைப் பகிர்ந்தமை, முன்பு நேர்ந்த துயரைக் கற்றுக்கொண்டதன் பயன். கூட்டத்தை இடத்தால் மட்டுமன்றிக் காலத்தாலும் பகுக்கலாம் என்பது அதன் பாடம்.

இன்று செய்யத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து விழா அமைப்பாளர்க்கும் பொறுப்பாளர்க்கும் சில நடைமுறைகளைப் பெறலாம்.

முதலாவது, ஒவ்வொரு விழாவுக்கும் ஓர் ஏடு வேண்டும். பணி, அதைச் செய்பவர், அவர் வாராவிடின் செய்பவர், நாள், நேரம் என ஐந்து குறிப்புகள் ஒவ்வொரு வரியிலும் இருத்தல் வேண்டும். இரண்டாம் பெயருக்குரியவர் தம் பெயர் அங்குள்ளதை அறிந்திருக்கவேண்டும். முந்தைய ஆண்டு அப்பணியை உடனிருந்து பார்த்திருந்தால் இன்னும் நன்று. ஏட்டின் படிகள் மூன்று வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். கைப்பேசியில் மட்டும் இருப்பது கைப்பேசியோடு போய்விடும்.

இரண்டாவது, தேவையிலிருந்து கணக்கைத் தொடங்குக. எத்தனை பந்தி, பந்திக்கு எத்தனை இலை, எத்தனை குடம் குடிநீர் என்று எண்ணி, அதன்பின் செலவைக் காண்க. அளவுச் சொற்களை முன்னரே வரையறுத்தல் நலம். ஆடவல்லான் மரக்கால் என்று பெயர் சுட்டியதன் நோக்கம் அளவில் பிணக்கு எழாமையே. சாப்பாடு நானூறு என்று ஒப்பந்தம் எழுதும்போது, சிறுவர்க்குரிய இலையும் அதில் அடங்குமா என்பதையும் எழுதுக.

மூன்றாவது, பொருள் வழங்குவோர் ஒருவரையே நம்பாமல், இன்றியமையாதவற்றுக்கு இருவரை ஏற்பாடு செய்க. ஜெனரேட்டர், தண்ணீர் லாரி, ஒலிபெருக்கி ஆகியவை இவ்வகையின.

நான்காவது, தோரணம் எங்கே கட்டுவது என்று எண்ணுமுன், மக்கள் எவ்வழியே வெளியேறுவர் என்று எண்ணுக. வாயில்கள் குறைந்தது இரண்டு, பூட்டப்படாமலும் நாற்காலிகளால் அடைபடாமலும் இருக்கவேண்டும். கீற்றுப் பந்தலுக்கு அருகில் வெடியும் அடுப்பும் வேண்டா. தண்ணீர் வாளியும் மணல் வாளியும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கட்டும். அவற்றுக்கும் ஏட்டில் ஒருவர் பெயர் வேண்டும். எல்லோருக்கும் பொதுவான பணி எவராலும் செய்யப்படாது.

ஐந்தாவது, விழா முடிந்த ஒரு வாரத்துக்குள் கூடி, நேர்ந்த குறைகளை ஏட்டின் இறுதிப் பக்கங்களில் எழுதுக. குறை எழுதுவது எவரையும் பழிப்பதற்கன்று; அடுத்து வருவோர் அதே பள்ளத்தில் விழாதிருத்தற்கு. ஒரு மாதத்துக்குள் கணக்கை அவையில் வைத்து ஒப்புதல் பெறுக. அதுவரை புதுப்பொறுப்பு எவருக்கும் வழங்குதல் வேண்டா.

ஆறாவது, நன்றியுரையில் கொடையாளர் பெயர்களோடு, கோலமிட்டவர், பாத்திரம் கழுவியவர், பந்தல் கட்டியவர் பெயர்களையும் படிக்கவேண்டும், மலரிலும் அச்சிடவேண்டும். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குயவரையும் நாவிதரையும் கல்லிலே எழுதிய நாட்டில், தாளில் எழுதுவதற்கு நாம் தயங்கலாகாது.

விழா மலர் என்பதும் ஒருவகைக் கல்வெட்டே. வாழ்த்துரைகளுக்கும் விளம்பரங்களுக்கும் இடம் தருவதோடு, இவ்விழா எவ்வாறு நடத்தப்பட்டது என்பதற்கு நான்கு பக்கங்களை ஒதுக்கினால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அதைப் புரட்டும் இளைஞர் ஒருவர் விழாவை மீண்டும் எடுக்க இயலும். அடுத்த ஆண்டு விழாவின் முதற்பணி இவ்வாண்டுக் கொடி இறங்கிய மறுநாளே தொடங்குகிறது. அன்று ஏட்டைத் திறந்து எழுத அமர்பவர் எவரோ, அவரே அவ்விழாவை வாழச் செய்பவர்.